கலயத்து நுரையும் தாச்சி நுரையும்

(வானொலி உரை)

தை பிறந்து பாளை சீவத் தொடங்கிவிட்டால் கருப்பட்டிக்காரர்களிடம் இரண்டு குறைகளைக் கேட்கலாம். ஒன்று, "பாகு இறுகவே மாட்டேங்குது, சிரட்டையில் ஊற்றினால் பிசுபிசுன்னு நிக்குது". மற்றது, "தாச்சியில் நுரை பொங்கி அடுப்பில் வழிஞ்சு போகுது". இரண்டும் ஒரே நோய் என்று நினைத்து, இரண்டுக்கும் ஆமணக்கு முத்தைத் தட்டிப் போடுகிறவர்கள் உண்டு. இவை வேறு வேறு. மருந்தும் வேறு.

முதலில் கலயத்து நுரை. மரத்திலிருந்து இறக்கும்போதே பதநீரில் குமிழி விட்டு, ஓரத்தில் வெள்ளை நுரை கட்டினால் அதற்குக் காரணம் ஈஸ்ட் என்னும் கண்ணுக்குத் தெரியாத காளான். ஈக்களும் வண்டுகளும் அதைப் பாளைக்குக் கொண்டுவரும். ஆனால் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது தெரியுமா? நேற்றைய கலயத்திலிருந்துதான். மேல்நாட்டு பீர் ஆலைகளில் ஒரு தொட்டி புளித்து முடிந்ததும், அடியில் தங்கிய ஈஸ்டை எடுத்து அடுத்த தொட்டிக்கு விதையாகப் போடுவார்கள். புது ஈஸ்ட் வாங்கும் செலவு மிச்சம், வேலையும் சுறுசுறுப்பாக நடக்கும். சரியாகக் கழுவாத மண் கலயத்திலும் இதே வேலைதான் நடக்கிறது. அவர்கள் வேண்டிச் செய்கிறார்கள். நமக்கு வேண்டாமலே நடந்துவிடுகிறது. மண்ணின் நுண்துளைகளிலும் கழுத்துப் பகுதியிலும் ஒட்டியிருக்கும் ஈஸ்ட், புதுப் பதநீர் சொட்டியதும் விழித்துக்கொள்கிறது.

இதனால் என்ன நட்டம்? பதநீரில் நூற்றுக்கு சுமார் 12 பங்கு சர்க்கரை. கெடாத பதநீர் 8 முதல் 10 லிட்டர் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கும். ஈஸ்ட் இந்தச் சர்க்கரையை முதலில் இரண்டாக உடைக்கிறது, பிறகு சாராயமாக்குகிறது. உடைந்த சர்க்கரை இனிக்கும், ஆனால் மணி கட்டாது. காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். பாகு இறுகாமல் பிசுபிசுப்பது இதனால்தான். எடையும் குறையும், விலையும் குறையும். கள்ளுக்குத் தடை உள்ள நம் மாநிலத்தில் புளித்த பதநீரால் வீண் வம்பும் வரும்.

"புளித்த பிறகு சுண்ணாம்பைக் கலக்கிவிட்டால் சரியாகாதா?" என்று கேட்பீர்கள். புளிப்பு குறையும், அவ்வளவுதான். உடைந்த சர்க்கரை திரும்ப ஒட்டாது. ஆகவே காவல் கலயத்திலேயே தொடங்க வேண்டும். கலயத்தை இறக்கியதும் வெந்நீரால் கழுவுங்கள். தேங்காய் நாரால் கழுத்துவரை நன்றாகத் தேயுங்கள். வெயிலில் காயவைத்து, அடுப்பின் மேல் சற்றுக் கவிழ்த்துச் சூடு காட்டுங்கள். பிறகு புதிதாக நீற்றிய சுண்ணாம்பை உள்பக்கம் முழுவதும் மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். பழைய பூச்சின் மேலேயே மறுநாளும் கட்டாதீர்கள். சுண்ணாம்பு மிஞ்சினாலும் தொல்லை: கருப்பட்டி கறுத்து, காரம் தட்டும். இறக்கிய பதநீரைத் துணியில் வடிகட்டி, அன்றைக்கே, வெயில் ஏறுமுன் அடுப்பில் ஏற்றுங்கள். சந்தேகப்பட்ட ஒரு கலயத்தை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். ஒரு கலயம் தாச்சி முழுவதையும் கெடுத்துவிடும்.

இனி தாச்சி நுரை. இது ஈஸ்டின் வேலை அல்ல. பதநீரிலுள்ள புரதமும் பிசின் போன்ற பொருள்களும் ஆவிக் குமிழிகளைச் சுற்றித் தோல்போலப் படிகின்றன. அதனால் குமிழி உடையாமல் அடுக்கடுக்காகப் பொங்குகிறது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் அது அந்தத் தோலின்மேல் பரவி, அதைப் பலவீனப்படுத்தி உடைத்துவிடும். ஆமணக்கு முத்தைத் தட்டிப் போடும் வழக்கத்தின் சூட்சுமமும் அதிலுள்ள எண்ணெய்தான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஆமணக்கு முத்தில் ரிசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. நன்றாகக் கொதித்தால் அதன் வீரியம் அழியும் என்றாலும், தட்டிய முத்து அடுப்படியில் சிதறிக் கிடந்தால் குழந்தைகள் வாயில் போட்டுவிடும்; ஆடு மாடும் தின்றுவிடும். அதற்குப் பதில் தேங்காய் எண்ணெயோ கடலை எண்ணெயோ இரண்டு மூன்று சொட்டு விடுங்கள், போதும். அடங்காவிட்டால் இன்னும் இரண்டு சொட்டு. அதிகம் விட்டால் கருப்பட்டியில் சிக்கு வாடை வரும்.

எண்ணெய்க்கு முன்னே செய்ய வேண்டியதும் உண்டு. தாச்சியை விளிம்புவரை நிரப்பாதீர்கள். முதல் கொதியில் திரளும் அழுக்கை வலைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள். பொங்கும்போது ஓலையை உள்ளே தள்ளாமல் வெளியே இழுத்துத் தீயைத் தணியுங்கள். கடைசியில் பாகைக் குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு விட்டு, உருண்டு திரளுகிறதா பார்த்து இறக்குங்கள்.

சுருக்கமாக நினைவில் வையுங்கள். கலயத்தில் நுரைத்தால் வெந்நீரும் சுண்ணாம்பும். தாச்சியில் நுரைத்தால் தணிந்த தீயும் இரண்டு சொட்டு எண்ணெயும். உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயரைக் காப்பது கழுவிய கலயம்தான். ஏறி இறங்கும் உழைப்பு பெரிது. அது கலயத்தோடு புளித்துப் போகலாமா?