மண் அதுவே, முறை வேறு
(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஒரு நாடு செல்வத்தில் ஓங்குவதற்கும், மற்றொன்று வறுமையில் வாடுவதற்கும் காரணம் யாது? மண்வளம் என்பர் சிலர். மழை என்பர் சிலர். மக்களின் ஊக்கம் என்பர் வேறு சிலர். இவை யாவும் வேண்டுபவையே. எனினும், மண்ணும் மழையும் மக்களும் மாறாதிருக்க, முறை மாறியதால் ஓர் ஊர் உயர்ந்த வரலாற்றை இன்று நாம் எண்ணிப் பார்ப்போம்.

சீன நாட்டின் ஆன்ஹுய் மாகாணத்தில் சியாவ்காங் என்றொரு சிற்றூர் உள்ளது. 1958-ஆம் ஆண்டில் அந்நாடெங்கும் கம்யூன்கள் அமைக்கப்பட்டன. நிலமும் ஏரும் மாடும் பொதுவாயின. அன்றன்றைய வேலைக்குப் புள்ளிகள் குறிக்கப்பட்டன. அவற்றின்படி தானியம் பங்கிடப்பட்டது. முயன்று உழைத்தவருக்கும் பெயரளவில் உழைத்தவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மேலிடத்துக்கு அஞ்சிய அதிகாரிகள் விளைச்சலை மிகைப்படுத்திக் கணக்கு எழுதினர். அக்கணக்கின்படி சர்க்கார் தானியத்தை எடுத்துச் சென்றது. 1959 முதல் 1961 வரை நேர்ந்த கொடும் பஞ்சத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

1978-ஆம் ஆண்டின் இறுதியில், சியாவ்காங்கின் 18 குடும்பத்தினர் மறைவாகக் கூடினர். நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக் கொள்வது, சர்க்காருக்கும் கூட்டமைப்புக்கும் உரியதை முதலில் அளப்பது, எஞ்சியதைத் தாமே வைத்துக் கொள்வது என்று முடிவு செய்து கைநாட்டு வைத்தனர். அன்று அது சட்டத்துக்கு மாறானது. ஆகவே, தலைமை தாங்கியோர் சிறை செல்ல நேர்ந்தால் அவர்தம் பிள்ளைகளை 18 வயது வரை ஏனையோர் வளர்ப்பதென்றும் உறுதி கூறினர். தம் உழைப்பின் பலனைக் கோர, உயிரையே பணயம் வைக்க வேண்டியிருந்தது!

மறு ஆண்டு விளைச்சல் பன்மடங்கு பெருகியது. பிச்சைக்கு வெளியூர் சென்ற மக்கள் சர்க்காருக்குத் தானியம் அளந்தனர். மாகாணத் தலைவராயிருந்த வான் லீ அவர்களைத் தண்டிக்கவில்லை. இம்முறை பரவ இடமளித்தார். 1982-இல் மத்திய அரசும் இதனை ஏற்றது. நிலம் தனிச்சொத்து ஆகிவிடவில்லை. பயிரிடும் உரிமையே குடும்பத்துக்குக் கிடைத்தது. 1978-இல் சுமார் 30 கோடி டன்னாக இருந்த அந்நாட்டுத் தானிய உற்பத்தி, 1984-இல் 40 கோடி டன்னாக உயர்ந்தது. கொள்முதல் விலை உயர்வும் உரமும் நல்விதையும் துணை நின்றன என்பது உண்மையே. ஆயினும், உழுதவருக்குப் பலன் உறுதியானதே பெருங்காரணமாகும்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? உழைப்பவருக்கு அதன் பயன் சேர வேண்டும். தவறு நேரும்போது அதை அஞ்சாது எடுத்துரைக்க இடம் இருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் நல்ல மண்ணும் வறுமையே விளைக்கும்.

ஏரி நீரைப் பங்கிடும்போதும், கிராம சபையில் வரவு செலவைப் படிக்கும்போதும் நாம் வகுப்பது இத்தகைய முறையே. கடைமடைக்காரரும் எழுந்து கேள்வி கேட்கத்தக்க சபையாக நமது சபை விளங்கட்டும். நாட்டின் செல்வம் அங்கிருந்தே தொடங்குகிறது.