கிடாரின் கழுத்து
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



எதனைப் பற்றிப் பேசுவீர் என்று செயலாளர் வினவியபோது, இலக்கியம் எதுவும் எமக்கு நினைவில் எழவில்லை. யாம் கெடுத்த கிடார் ஒன்றே எழுந்தது. அதனையே பேசுகின்றோம், பொறுத்தருள்க.

எம் மகளுக்கு வயது பதினொன்று. கை மிகச் சிறிது. கிடாரின் கழுத்தைப் பற்றினால் கட்டைவிரல் மேலே எட்டிப் பார்க்கும். சுண்டுவிரலோ வேண்டிய தந்தியை எட்டாது. மூன்று திங்கள் போராடிய பின், "எனக்கு இது வேண்டாம் அப்பா" என்று கருவியை மூலையில் சாத்திவிட்டாள். அச்சொல் எம்மை வருத்திற்று. மரந்தானே, கழுத்தின் பின்புறத்தைத் தேய்த்து மெலிதாக்கினால் என்ன என்று துணிந்தோம். சாலைக் கடைத்தெருவில் உப்புத்தாள் வாங்கிவந்து, தந்திகளைக் கழற்றி, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கை நோவத் தேய்த்தோம். அதில் எமக்குச் சிறிது பெருமிதமும் இருந்தது என்பதை மறைப்பானேன்?

தந்திகளை மீண்டும் முறுக்கி ஏற்றினோம். இரண்டு நாளில் கழுத்து வில்லென வளைந்தது. தந்திகள் மெட்டுகளை விட்டு உயர்ந்து நின்றன. முன்பு எட்டாதிருந்த விரலுக்கு இப்போது அழுத்தவும் இயலவில்லை.

காரணத்தைப் பின்னரே தேடிப் படித்தோம். எஃகுத் தந்திகள் ஆறும் சுருதி சேர்ந்து நிற்கும்போது, ஏறத்தாழ 70 கிலோ எடைக்கு ஒப்பான விசையோடு கழுத்தை இழுக்கின்றன. அதனைத் தாங்கவே கழுத்தினுள் பள்ளம் தோண்டி இரும்புக் கம்பி ஒன்றைப் புதைத்திருக்கின்றனர். மிகுதியாகத் தேய்த்தால் அப்பள்ளமே வெளிப்பட்டுவிடும். மேலும், பருமனில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே விறைப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். பள்ளியில் படித்த கணக்குத்தான். வேண்டிய நேரத்தில் நினைவுக்கு வரவில்லை!

நம் வீணையை நோக்குங்கள். அதன் 24 மெட்டுகளும் மெழுகின்மேல் நிற்கின்றன. சுருதி பிறழ்ந்தால் மெழுகை அகற்றிப் புதிதாக மேளம் கட்டலாம். கிடாரில் தேய்த்த மரத்தை யார் மீண்டும் வைப்பார்?

மரத்தைக் குறைத்தவர் முன்பே இல்லாமலில்லை. ஜான் மெக்லாக்லின் என்னும் ஆங்கிலேயர் வீணை பயின்றவர். 1970களில் நம் விநாயக்ராம், எல். சங்கர், ஜாகிர் உசேன் ஆகியோருடன் 'சக்தி' குழுவில் வாசித்தபோது, மெட்டுகளுக்கிடையே குழிவாகச் செதுக்கிய கிடாரைக் கையாண்டார். வீணையில் போலவே தந்தியை இழுத்துக் கமகம் காட்டும்பொருட்டு அது செய்யப்பட்டது. செதுக்கியவர் தேர்ந்த கைவினைஞர். செதுக்கியது முன்புறத்தை, பின்புறத்தை அன்று.

எம் அண்டைவீட்டில் வீணை கற்பிக்கும் அம்மையார் ஒருவர் இருக்கிறார். தைக்காட்டுச் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் பயின்றவர். கெட்ட கிடாரை அவர் தொடவேயில்லை. மகளை அமரச் செய்து, கட்டைவிரலைக் கழுத்தின் பின்னடுவே வைத்து, மணிக்கட்டைச் சற்றே தாழ்த்தினார். சுண்டுவிரல் தந்தியை எட்டிற்று. "இதற்கா மரத்தைத் தேய்த்தீர்கள்?" என்றார். யாம் விடை கூறவில்லை.

பின்னர் நீளம் குறைந்த சிறிய கிடார் ஒன்று வாங்கினோம். இன்று மாலைக் குழந்தைகள் நிகழ்ச்சியில் அவள் வாசிக்கவிருப்பது அதைத்தான். பழையது, தந்திகள் இன்றி, எம் இல்லத்துப் பரணில் கிடக்கின்றது.