ஆயாவின் கடமையும் பயிற்சியும்



விடியுமுன் பால்மரம் வெட்டச் செல்லும் தாய், தன் குழந்தையை ஆயாவை நம்பியே விட்டுச் செல்கிறாள். அப்பணிக்கு அன்பு மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும்.

நான்கு வயதுக்குட்பட்ட பல வீட்டுக் குழந்தைகள் நால்வரையோ அதற்கு மேற்பட்டோரையோ ஊதியம் பெற்றுப் பராமரிக்கும் நிலையம், 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி சமூகநல இலாகாவில் பதிவு பெற வேண்டும். பராமரிப்பாளரும் இலாகா ஏற்கும் அடிப்படைப் பயிற்சி பெறுதல் அவசியம்.

ஒரு வயது நிறையாத குழந்தைகள் மூவருக்கு ஓர் ஆயா. ஒன்று முதல் மூன்று வயதுவரை ஐவருக்கு ஒருவர். ஒரு குழந்தைக்குப் பாலூட்டுகையில் மற்றொன்றுக்குப் புரையேறினால், அதனை உடனே காணும் கண் வேண்டுமன்றோ?

தாய்மார்களே! எத்தனை குழந்தைகளுக்கு எத்தனை ஆயாக்கள் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். அது குறை கூறலன்று, பெற்றோரின் கடமை. ஆயாமார்களே! பயிற்சிக்கு முன்வாருங்கள்.