வந்துபோகும் பழுதைப் பிடிக்கும் கலை

ஒரு காலத்தில் காரின் ஆக்ஸிலரேட்டர் பெடலையும் என்ஜினையும் இணைத்தது ஓர் இரும்புக் கேபிள். காலால் மிதித்தால் கேபிள் இழுபடும், த்ராட்டிலின் வட்டத் தகடு திறக்கும், காற்று உள்ளே போகும். அதில் கோளாறு வந்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும். இழை பிரிந்திருக்கும், துருப் பிடித்திருக்கும், அல்லது உறைக்குள் சிக்கியிருக்கும். 1980களின் பிற்பகுதியில் பிஎம்டபிள்யூ தன் 7 வரிசையின் பன்னிரண்டு சிலிண்டர் காரில் கேபிளை எடுத்துவிட்டு, மோட்டார் திறந்து மூடும் த்ராட்டிலை வைத்தது. இன்று புதிய பெட்ரோல் கார்களில் கேபிளைப் பார்ப்பதே அரிது. ஓட்டுநர் எவ்வளவு கேட்கிறார் என்று பெடல் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. எவ்வளவு கொடுக்கலாம் என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது.

இந்த ஏற்பாட்டில் வரும் பழுதுகளிலேயே கடினமானது, எப்போதாவது தலைகாட்டிவிட்டு ஒளிந்துகொள்ளும் பழுது. ரீமேப் செய்து, அதாவது கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றியெழுதி, டர்போவின் அழுத்தத்தைக் கூட்டிய காரில் அது வந்தால் சிக்கல் இரட்டிப்பாகும். இருநூறு கிலோமீட்டர் ஒழுங்காக ஓடும். லாரியை முந்துவதற்காகப் பெடலை மிதிக்கும் நேரம் பார்த்துப் பிக்கப் செத்துவிடும், மஞ்சள் விளக்கு எரியும், வண்டி ஊர ஆரம்பிக்கும். ஓரங்கட்டி, சாவியை அணைத்து மறுபடி போட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். ஒர்க்‌ஷாப்புக்குள் நுழையும்போது விளக்கும் இல்லை, குறையும் இல்லை. அப்படிப்பட்ட பழுதைத் தேடிப் பிடிப்பவரின் திறமை தனிக் கலை. நம் ஊர்களில் அதற்கு உரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை.

அந்தக் கலையின் அடிப்படை, கம்ப்யூட்டர் எதை நம்புகிறது என்று புரிந்துகொள்வதில் இருக்கிறது. அது எந்த ஒரு சென்சாரையும் தனியாக நம்புவதில்லை. பெடலில் இரண்டு, த்ராட்டிலில் இரண்டு என்று வைத்திருக்கிறார்கள். பல கார்களில் த்ராட்டிலின் ஒரு சென்சார், தகடு திறக்கத் திறக்க அரை வோல்ட்டிலிருந்து நாலரை வோல்ட்டை நோக்கி ஏறும். மற்றது அதே அளவுக்கு இறங்கும். எந்த நிலையில் நிறுத்திக் கூட்டிப் பார்த்தாலும் ஏறக்குறைய 5 வோல்ட் வர வேண்டும். பெடலில் பெரும்பாலும் ஒரு சென்சாரின் வோல்ட் மற்றதில் பாதியாக இருக்கும். ஒரே சம்பவத்தைப் பார்த்த இரண்டு சாட்சிகளைத் தனித்தனியே விசாரிப்பது போன்ற ஏற்பாடு இது. வாக்குமூலங்கள் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் முரண்பட்டாலே போதும். கம்ப்யூட்டர் த்ராட்டில் மோட்டாருக்குப் போகும் கரண்டை நிறுத்திவிடும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங், என்ஜின் அணையாமல் ஊர்ந்து வீடு சேர்கிற அளவுக்கு மட்டும் தகட்டைச் சற்றே திறந்தபடி நிறுத்தும். இதுதான் லிம்ப் மோடு. த்ராட்டில் சென்சார்கள் முரண்பட்டால் பி2135 என்றும், பெடல் சென்சார்கள் முரண்பட்டால் பி2138 என்றும் குறியீடு பதிவாகும்.

ஸ்கேனரில் அந்தக் குறியீட்டைப் பார்த்தவுடனே த்ராட்டில் பாடியை மாற்றச் சொல்வது பரவலான பழக்கம். அது தவறான பழக்கம். சாட்சிகள் முரண்பட்டார்கள் என்பதைத்தான் குறியீடு சொல்கிறது. பிசகியவர் யார் என்பதைச் சொல்வதில்லை. சென்சாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே வயர், கப்ளர், கப்ளருக்குள் இருக்கும் பின்கள், எர்த், 5 வோல்ட் சப்ளை என்று இத்தனை இருக்கின்றன. சில கார்களில் அந்த 5 வோல்ட் வேறு சென்சார்களுக்கும் பொதுவாகப் போகிறது. அங்கே ஏசி கேஸின் அழுத்தத்தை அளக்கும் சென்சார் ஷார்ட் ஆனாலும் த்ராட்டில் குறியீடு வரக்கூடும். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புதுப் பாகத்தைப் போட்ட பிறகும் அதே விளக்கு எரிந்தால், அடுத்த ஒர்க்‌ஷாப் இன்னொரு பாகத்தை மாற்றுகிறது. உண்மையான தேடல் அங்கே ஒருநாளும் நடக்கவில்லை.

ரீமேப் செய்த காரில் இன்னொரு பெரிய கேள்வியும் உண்டு. த்ராட்டில் உண்மையிலேயே தவறியதா, அல்லது கம்ப்யூட்டர் வேண்டுமென்றே அதை மூடியதா?

ஜெர்மானியக் கார் நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய கண்காணிப்பு முறையில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. முதல் அடுக்கு என்ஜினை நடத்துகிறது. இரண்டாவது அடுக்கு, ஓட்டுநர் கேட்ட முறுக்குவிசைக்கும் என்ஜின் தருவதாகக் கணக்கிடப்படும் முறுக்குவிசைக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. மூன்றாவது, கம்ப்யூட்டரின் சிப்பே சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கிறது. ரீமேப் செய்பவர் டர்போ அழுத்தத்தைக் கூட்டிவிட்டு, முறுக்குவிசையைக் கணக்கிடும் அட்டவணைகளைப் பழையபடியே விட்டுவிட்டால், கம்ப்யூட்டரின் கண்ணில் என்ஜின் கேட்டதற்கு மேல் தருகிறது. அது ஆபத்து என்று முடிவுகட்டி த்ராட்டிலை மூடுகிறது. குளிர்ந்த மழைநாளில் காற்று அடர்த்தியாக இருப்பதால் அந்த எல்லையைத் தாண்டும், வெயிலில் தாண்டாது. ஓட்டுநருக்கு இது காரணமில்லாமல் வந்துபோகும் பழுதாகத் தெரிகிறது. வயர், மோட்டார், சென்சார் எல்லாமே நன்றாக இருக்கும். அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் இதற்குச் சமமான இன்னொன்று நடக்கும். த்ராட்டில் திறந்திருக்கும் அளவுக்கு எவ்வளவு காற்று வர வேண்டும் என்ற கணக்கோடு வந்த காற்று பொருந்தாவிட்டால் பி0068 பதிவாகும். பெரிய த்ராட்டில் பாடி போட்ட கார்களிலும், சூப்பர்சார்ஜர் மாட்டிய கார்களிலும் ரீமேப் சரியாக அமையாதபோது இது வருவது வழக்கம்.

இந்த இடத்தில்தான் நல்ல நிபுணர் ஸ்பானரைத் தொடுவதற்கு முன் லேப்டாப்பை எடுக்கிறார். பெடலின் நிலை, கம்ப்யூட்டர் கேட்ட த்ராட்டில் கோணம், த்ராட்டிலின் இரண்டு சென்சார்களும் காட்டிய கோணம், முறுக்குவிசைக் கணக்கு, டர்போ அழுத்தம், பேட்டரி வோல்ட் ஆகியவற்றை ஒரே நேரத்தில் பதிவு செய்தபடி வண்டியை ஓட்டச் செய்கிறார். பழுது வந்த அந்த ஒரு நொடியைக் கோடுகளாக விரித்துப் பார்த்தால் வழக்கு பாதி முடிந்துவிடும். பெடல் முழுக்க மிதிபட்டிருக்கிறது, ஆனால் கேட்ட கோணமே குறைந்திருக்கிறது, த்ராட்டில் அதைத் துல்லியமாகப் பின்தொடர்ந்திருக்கிறது என்றால், த்ராட்டில் நல்ல பிள்ளை. உத்தரவு வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது. கேட்ட கோணம் அப்படியே நிற்க, உண்மையான கோணம் மட்டும் தடுமாறினால், மோட்டாரையும் பல்சக்கரத்தையும் மோட்டாருக்குப் போகும் இரண்டு வயர்களையும் சந்தேகிக்க வேண்டும். ஒரு சென்சாரின் கோடு ஊசிமுனை போலத் துள்ள, மற்றது சலனமில்லாமல் இருந்தால், துள்ளியதன் பாதையை மட்டும் பிடித்துக்கொண்டு போகலாம்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. பழைய கார்களில் ஸ்கேனரிடம் நாலைந்து அளவுகளை ஒன்றாகக் கேட்டால், நொடிக்குச் சில முறைதான் புதிய எண் வரும். கம்ப்யூட்டரோ சில மில்லிநொடிக்கு ஒருமுறை சோதிக்கிறது. லூஸ் காண்டாக்ட்டால் இருபது மில்லிநொடி அறுந்த சிக்னல், ஸ்கேனரின் இரண்டு எண்களுக்கு நடுவே காணாமல் போய்விடும். அதனால்தான் ஆசிலோஸ்கோப் வைத்திருக்கும் மெக்கானிக்குக்குத் தனி மரியாதை. சாவியைப் போட்டு, என்ஜினை ஓட்டாமல் பெடலை மெல்ல மெல்ல அழுத்தி, இரண்டு சென்சார் கோடுகளும் எங்காவது நெளிகின்றனவா என்று அவர் பார்க்கும் சில நிமிடங்கள், பத்துப் பாகங்களை மாற்றிப் பார்ப்பதைவிட அதிகம் சொல்லும்.

வந்துபோகும் பழுதுக்கு வால்வோ காரின் வரலாறு நல்ல எடுத்துக்காட்டு. 1999 முதல் 2001 வரையிலான மாடல்களில் அந்த நிறுவனம் மேக்னெட்டி மரெல்லி தயாரித்த மின்னணு த்ராட்டிலைப் பயன்படுத்தியது. அதன் சென்சாரில் அச்சிட்ட தடத்தின் மீது ஒரு சிறு தொடுமுனை உரசி நகரும். ஐடிலிலும் ஊர் வேகத்திலும் தகடு நிற்கும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே தடத்தின் அந்தப் பகுதி மட்டும் தேய்ந்தது. வண்டி சில சமயம் தயங்கும், சில சமயம் ஐடில் ஏறி இறங்கும், பிறகு சரியாகிவிடும். த்ராட்டிலைக் கழற்றிக் கரியைச் சுத்தம் செய்தால் சில நாள் ஒழுங்காக ஓடும்; ஆனால் தேய்ந்த தடம் தேய்ந்ததுதான். அமெரிக்காவில் வால்வோ கடைசியில் இந்தப் பாகத்துக்கான உத்தரவாதத்தை 10 ஆண்டு அல்லது 2 லட்சம் மைல் வரை நீட்டிக்க வேண்டிவந்தது. இன்றைய த்ராட்டில்களில் பெரும்பாலும் உரசாமல் காந்தப் புலத்தை வைத்து அளக்கும் சென்சார்கள் இருப்பதற்கு இத்தகைய அனுபவங்களும் காரணம்.

இதைவிட நுட்பமான கதை டொயோட்டாவுடையது. கார்கள் தாமாகவே வேகம் எடுக்கின்றன என்ற புகார்களை ஆராய, அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை நாசாவின் பொறியாளர்களை அழைத்தது. 2011 பிப்ரவரியில் அறிக்கை வெளியானது. அப்படிக் கட்டுக்கடங்காத வேகத்தை உண்டாக்கும் மின்னணுக் காரணம் எதையும் அவர்கள் கண்டறியவில்லை. ஆனால் புகார் வந்த ஒரு கேம்ரியின் பெடலை அறுத்துப் பார்த்தபோது வேறொன்று கிடைத்தது. வெள்ளீயப் பூச்சிலிருந்து தானாக முளைக்கும், தலைமுடியைவிட மெல்லிய உலோக இழை ஒன்று இரண்டு சென்சார் சிக்னல்களுக்கு நடுவே பாலமாக நின்றது. தனித்தனியே பேச வேண்டிய இரண்டு சாட்சிகளையும் அந்த இழை சேர்த்துவைத்துவிட்டது. கைபட்டால் உதிர்ந்துவிடக்கூடிய அந்த இழையைக் கண்டெடுத்தது இந்தக் கலையின் உச்சங்களில் ஒன்று என்று தயங்காமல் சொல்லலாம்.

ஒர்க்‌ஷாப்பில் இழை தேட யாரும் மின்னணு நுண்ணோக்கி வைத்திருப்பதில்லை. அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. 2022 வரை இந்தியாவில் விற்பனையான வோக்ஸ்வாகன் போலோவின் டர்போ மாடல்கள் நம் சாலைகளில் மிக அதிகமாக ரீமேப் செய்யப்படும் கார்களில் அடங்கும். அவற்றின் பெடலுக்கு ஆறு வயர், த்ராட்டிலுக்கு ஆறு வயர். இபிசி என்ற விளக்கு எரிந்தால் இந்தப் பன்னிரண்டையும் சந்தேகிக்கலாம். ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியது, கார் தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு யார் கை எங்கே பட்டது என்பதைத்தான். பெடலை மிதித்ததும் வண்டி துள்ள வேண்டும் என்று பெடல் கப்ளருக்கும் வயரிங்குக்கும் நடுவே மாட்டும் சிறு பெட்டிகள் உண்டு. அவை சக்தியைக் கூட்டுவதில்லை, சிக்னலை மட்டும் பெரிதாக்கிக் காட்டுகின்றன. கூடவே பன்னிரண்டு புதிய பின்களைக் கொண்டுவருகின்றன. அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது முதல் வேலை. அடுத்து, பிரேக் பெடலின் ஸ்விட்ச். பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் ஒன்றாக மிதிபடுவதாகக் கம்ப்யூட்டர் நினைத்தால் த்ராட்டிலைக் குறைத்துவிடும். தேய்ந்த ஸ்விட்ச்சால் இபிசி விளக்கு எரிந்து, நல்ல த்ராட்டில் பாடிகள் குப்பைக்குப் போயிருக்கின்றன.

பிறகு வயரிங். சக்தி கூடிய என்ஜின் முழு மிதியில் தன் மவுண்ட்டுகள் மீது சாய்கிறது. மவுண்ட் தொய்ந்திருந்தால் அந்த ஆட்டத்தில் வயர்க் கட்டு இழுபடும். அதற்குப் பயந்து விறைப்பான மவுண்ட் போட்டால் அதிர்வு கூடி, கப்ளருக்குள் பின்கள் ஒன்றோடொன்று நுண்ணளவில் உரசி, முனைகளில் ஆக்சைடு படியும். பேட்டரியைப் பின்னால் டிக்கிக்கு மாற்றிய கார்களில் எர்த் பலவீனமாக இருக்கலாம். டர்போவுக்குப் பக்கத்தில் போகும் வயரின் உறை வெந்து உடையலாம். மல்டிமீட்டரை வைத்து 12 வோல்ட் வருகிறது என்று திருப்தி அடைவது போதாது. ஒரே ஓர் இழை மிஞ்சிய வயரிலும் மீட்டர் 12 காட்டும், ஏனென்றால் மீட்டர் கிட்டத்தட்ட கரண்ட்டே இழுப்பதில்லை. அதே வயரில் ஒரு ஹெட்லைட் பல்பை எரியவிட்டால் உண்மை தெரியும். சென்சார் வயருக்கு மட்டும் இது ஆகாது. கம்ப்யூட்டரின் 5 வோல்ட் சப்ளை பல்பின் பாரத்தைத் தாங்காது. இந்தச் சோதனைகளின்போது தகட்டுக்குள் விரலை விடக் கூடாது. சாவி போட்டிருந்தால் மோட்டார் எந்த நொடியும் அதைத் திருப்பலாம்.

விளக்கு எரியாமல் இருக்க, கண்காணிப்பையே ரீமேப்பில் அணைத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போய்விடுவார். ஆனால் இரண்டு சென்சார்களும் முரண்படும்போது த்ராட்டிலை மூடுவதற்கு அந்தக் காரில் இனி யாரும் இல்லை. இதைத் தொழில் என்று ஏற்க முடியாது.

நல்ல நிபுணரின் வேலை, பழுதைச் சரிசெய்ததோடு முடிவதில்லை. வந்துபோகும் பழுது சில நாள் வராமல் இருப்பது சான்றாகாது. அதன் இயல்பே அதுதான். அதனால் அவர் பழுதை வலிய வரவழைக்கப் பார்க்கிறார். என்ஜின் ஓடும்போது சந்தேகப்பட்ட கப்ளரை ஆட்டுகிறார், வயர்க் கட்டை இழுக்கிறார், ஹீட் கன்னால் சூடேற்றுகிறார், பிறகு குளிர்விக்கும் ஸ்ப்ரேயை அடிக்கிறார். சந்தேகம் மீந்திருந்தால், மாற்றிய பழைய பின்னை மறுபடி மாட்டி, கோடு துள்ளுகிறதா என்றும் பார்க்கிறார். துள்ளினால் புதிய பின்னைப் போட்டு, முதல் நாள் ஓட்டிய அதே சாலையில், அதே கியரில், அதே மிதியில் மறுபடி பதிவு செய்கிறார். முன்னும் பின்னும் எடுத்த இரண்டு பதிவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, உரிமையாளரிடம் சாவியோடு சேர்த்துக் கொடுக்கிறார்.