வேடியப்பனாக நிற்கும் வீரர்கள்

தருமபுரி வட்டாரத்தில் வேடியப்பன் கோயில்கள் பல உண்டு. உள்ளே எட்டிப் பார்த்தால், அங்கே தெய்வமாக நிற்பது பெரும்பாலும் ஒரு நடுகல்! இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள் என ஒரு வீரன். ஆநிரை மீட்கும் சண்டையில் உயிர் கொடுத்தவனுக்கு ஊரார் எடுத்த கல் அது.

பலகைக் கல்லில் உருவத்தைக் கோடாக வரைந்து, சுற்றியுள்ள பகுதியை உளியால் கொத்தித் தாழ்த்தினால் வீரன் மேலெழுந்து வருவான். இதுதான் புடைப்புச் சிற்பம். மேலே வட்டெழுத்தில் அரசன் பெயர், ஆட்சியாண்டு, வீரன் பெயர், அவன் செய்த செயல்.

கல்லைத் தேடிக் காண்பது முதல் நட்டு வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியமே வகுத்திருக்கிறது.

பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று. அதில் கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்த அதன் வீரத்தையும் 7ஆம் நூற்றாண்டு உளி எழுதி வைத்தது.

இத்தகைய கற்களைத் தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நேரில் பார்க்கலாம். உங்கள் வயலோரத்திலும் உருவம் செதுக்கிய பலகைக் கல் கிடந்தால், வண்ணம் பூசாமல், உடைக்காமல், தொல்லியல் துறைக்குத் தெரியப்படுத்துங்கள்.