கதையின் முதல் வரி

(எமது சபையின் ஆண்டு விழாவில், வாசிப்பு வட்டத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

ஆராதனை முடிந்து எல்லோரும் தேநீர் குடிக்கும் நேரத்தில், மண்டபத்தின் பின்மூலையில் பத்துப் பன்னிரண்டு பேர் கதிரைகளை வட்டமாகப் போட்டு இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதுதான் எங்கள் வாசிப்பு வட்டம். கடந்த குளிர்காலத்தில் நாங்கள் ஒரு விளையாட்டு விளையாடினோம். ஒவ்வொருவரும் தாம் வாசித்த ஒரு கிறிஸ்தவக் காதல் கதையைக் கொண்டுவர வேண்டும். அட்டையை மறைத்துக்கொண்டு முதல் வாக்கியத்தை மட்டும் வாசிக்க வேண்டும். கேட்பவர்கள், "இந்தக் கதையில் யாருக்கு என்ன குறை?" என்று ஊகிக்க வேண்டும். டொச், ஆங்கிலம், தமிழ், எந்த மொழியும் சரி.

காதல் கதை என்றதும் ஒரு சகோதரி என்னைத் தனியே கூப்பிட்டு, "சபைக்குள்ளே இது தேவையா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. நானும் சில புத்தகங்களை இருபதாம் பக்கத்திலேயே மூடி வைத்திருக்கிறேன். குறையே இல்லாத ஆண், கண்ணீர் சிந்தினாலும் அழகு கெடாத பெண், கடைசிப் பக்கத்தில் ஒரு ஜெபத்தோடு எல்லாம் தீர்ந்துவிடும். அப்படிப்பட்டவற்றை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஆனால் அந்தச் சகோதரிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: வேதாகமத்தைத் திறந்து உன்னதப்பாட்டு எதைக் கேட்டுத் தொடங்குகிறது என்று பாருங்கள். ஒரு முத்தத்தைக் கேட்டுத்தான் தொடங்குகிறது! ஆண்டவருடைய புத்தகத்தில் காதலுக்கு இடம் உண்டென்றால், நமது மண்டபத்தின் மூலையிலும் கொஞ்ச இடம் இருக்கலாம்தானே?

முதலில் கொண்டுவந்தவள் பதினாறு வயதுப் பிள்ளை ஒருத்தி. அவள் வாசித்த முதல் வரியில் ஒரு கூடார வண்டியின் மேல் காலை வெயில் படுகிறது, அவ்வளவுதான். "குறை ஒன்றுமில்லையே!" என்றார்கள் எல்லோரும். "கொஞ்சம் பொறுங்கோ அன்ரி, அவவின்ர புருஷன் ஏற்கனவே செத்துப்போனார்" என்றாள் அவள். கனடா எழுத்தாளர் ஜெனெட் ஓக் 1979இல் எழுதிய 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி' என்ற நாவல் அது. அன்பு மெல்ல வரும் என்று பொருள். இன்று உலகமெங்கும் விற்கும் கிறிஸ்தவக் காதல் நாவல்களுக்கு வழி திறந்த புத்தகம் என்று அதைச் சொல்வார்கள். 2003இல் படமாகவும் வந்தது. அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குப் போகும் வழியில் கணவனை இழந்த கர்ப்பிணிப் பெண் மார்ட்டி. மனைவியை இழந்து, சிறு மகளோடு தனித்திருக்கும் கிளார்க். குளிர்காலம் வருகிறது, அவளுக்கு ஒரு கூரை வேண்டும், பிள்ளைக்கு ஒரு தாய் வேண்டும். அதற்காகவே திருமணம் நடக்கிறது. அன்பு பிறகுதான் வருகிறது.

அடுத்த முறை தாய்மார் தமிழ்ப் புத்தகங்களைப் பற்றிப் பேசினார்கள். பிள்ளைகளே, ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. அதை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஒரு கிறிஸ்தவர். மாயூரத்தில் முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, இருந்தவர். பிரதாபனும் ஞானாம்பாளும் அந்தக் கதையின் நாயகனும் நாயகியும். ஞானாம்பாள் ஆண் வேடம் போட்டு ஒரு நாட்டையே ஆளுவாள். உங்களுக்குப் பிடிக்கும்! அந்தக் கதையைப் பிரதாபனே தன் வாயால் சொல்கிறான். அவன் காதலில் தொடங்கவில்லை, தன் குடும்பத்தில் தொடங்குகிறான். நம்முடைய ஆட்கள் அன்றுமுதல் அப்படித்தான். முதலில் "ஆற்றை பிள்ளை?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றது!

யாழ்ப்பாணத்திலிருந்தும் ஒரு புத்தகம் உண்டு. மங்களநாயகம் தம்பையா என்ற கிறிஸ்தவப் பெண்மணி 1914இல் வெளியிட்ட 'நொறுங்குண்ட இருதயம்'. ஈழத்தின் முதல் பெண் நாவலாசிரியர் என்று இலக்கிய வரலாற்றில் அவரைக் குறிப்பிடுகிறார்கள். திருமணத்துக்குப் பின் ஒரு பெண் படும் பாட்டையும் அவளுடைய பொறுமையையும் சொல்லும் கதை அது. ஐம்பத்தோராம் சங்கீதம் தெரிந்தவர்களுக்கு அந்தத் தலைப்பு எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. முதல் வரிக்கு முன்னமே, அட்டையிலேயே, குறையைச் சொல்லிவிட்டார் அந்த அம்மையார்.

மூன்றாம் முறை நான் என்னுடையதை வாசித்தேன். ஒரு நாட்டில் பஞ்சம். ஒரு மனிதன் மனைவியையும் இரண்டு ஆண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அந்நிய தேசத்துக்குப் போகிறான். இதுதான் தொடக்கம். ஒரு தம்பி உடனே, "அன்ரி, இது எங்கட அப்பாவின்ர கதை" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அது ரூத்தின் புத்தகம்.

யோசித்துப் பாருங்கள். பெத்லகேம் என்றால் அப்பத்தின் வீடு. அப்பத்தின் வீட்டில் அப்பம் இல்லை. முதல் ஐந்து வசனங்களுக்குள் எலிமெலேக்கு, மக்லோன், கிலியோன் என்று மூன்று மரணங்கள். மூன்று விதவைகள். போவாஸ் இரண்டாம் அதிகாரத்தில்தான் வருகிறார். வயலில் சிந்திய கதிர் பொறுக்க வந்த அந்நிய தேசத்துப் பெண்ணை அவர் காண்கிறார். நான்காம் அதிகாரத்தின் முடிவில் அவர்களுடைய பேரனின் மகனாகத் தாவீது ராஜாவின் பெயர் வந்து நிற்கிறது. பஞ்சத்தில் தொடங்கிய கதை அது.

இந்தப் புத்தகங்களையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது நான் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். நல்ல காதல் கதை, யாரிடம் எது இல்லை என்று முதலில் சொல்லிவிடுகிறது. வீடு இல்லை, அப்பம் இல்லை, துணை இல்லை. அந்த வெறுமையான இடத்தை ஆண்டவர் எப்படி நிரப்பினார் என்பதுதான் மிச்சக் கதை. பிள்ளைகளே, கைத்தொலைபேசியில் நீங்கள் பார்க்கும் காதலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

கடைசி முறை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். சபையின் மூத்த ஐயா ஒருவர் வெறுங்கையோடு வந்திருந்தார். "நான் புத்தகம் வாசிக்கிறது குறைவு. என்ர கதையின்ர முதல் வரியைச் சொல்லலாமோ?" என்று கேட்டார். சொன்னார்: "அனுமதிப் பத்திரத்திலே, எதற்காகப் போகிறாய் என்று கேட்ட இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் நான் நின்றேன்."

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. எண்பதுகளில், அகதி விண்ணப்பம் செய்தவர்கள் தமக்குக் குறித்த மாவட்டத்தை விட்டு அனுமதியில்லாமல் வெளியே போக முடியாது. அவர் இருந்தது வேறு ஒரு மாவட்டத்தில். அவருக்குப் பேசியிருந்த பெண் இங்கே டுசல்டோர்ஃபில் தமையனோடு இருந்தா. ஒரு நாள் அனுமதிக்கு ஒரு காரணம் எழுத வேண்டும். பெண் பார்க்க என்று எழுத வெட்கம். "ஆராதனைக்கு" என்று எழுதிவிட்டார். "எழுதினது பொய்யாகக் கூடாதெண்டு ஆராதனைக்கும் வந்தன். ஒரு வீட்டு அறையிலே ஒன்பது பேர் இருந்து பாடிக்கொண்டிருந்தினம். அதிலே அவவும் ஒராள்" என்றார்.

வட்டத்தில் அவருடைய பேத்தியும் இருந்தாள். "அப்பப்பா, இதை ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?" என்றாள். "நீங்கள் கேக்கேல்லையே" என்றார் அவர்.

பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவவின்ர கதைக்கு முதல் வரி என்னெண்டு எனக்கும் தெரியாது. நானும் கேக்கேல்லை" என்றார். அவருடைய மனைவி ஆண்டவருக்குள் நித்திரையடைந்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. அன்று எங்களில் யாருக்கும் தேநீர் இறங்கவில்லை.

ஆகவே பிள்ளைகளே, இந்த ஆண்டு விழாவில் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. இன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் அப்பாவிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்: "உங்கட கதை ஒரு புத்தகமாக வந்தால் முதல் வரி என்ன?" இரண்டு பேரும் ஒரே வரியைச் சொல்லமாட்டார்கள், அது எனக்கு நிச்சயம். அம்மம்மா, அப்பப்பா இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். ஊரில் இருந்தால் தொலைபேசியில் கேளுங்கள். தமிழில் எழுத வராவிட்டால் டொச்சில் எழுதுங்கள். அடுத்த ஞாயிறு கொண்டுவாருங்கள், கதிரைகளைக் கொஞ்சம் பெரிய வட்டமாகப் போடுவோம்.

பெரியவர்களே, பிள்ளைகள் கேட்கும்போது "அதெல்லாம் இப்ப ஏன்?" என்று சொல்லிவிடாதீர்கள். பஞ்சத்தையும் பயணத்தையும் மறைக்காமல் எழுதிவைத்தபடியால்தான் ரூத்தின் கதை நம்முடைய கைக்கு வந்தது. உங்கள் முதல் வரியையும் உங்கள் பிள்ளைகளின் கையில் கொடுங்கள்.

நம்மை இந்த அந்நிய தேசத்தில் ஒன்றுசேர்த்து, இம்மட்டும் நடத்திவந்த ஆண்டவருக்கே சகல மகிமையும் உண்டாவதாக. ஆமென்.