பேருந்து விழுந்த மேடை



அண்மையில் ஒரு விவரணப் படம் பார்த்தேன். 1974 ஏப்ரல் 3, 4 தேதிகளில் அமெரிக்காவின் 13 மாநிலங்களைத் தாக்கிய சுழற்காற்றுகளைப் பற்றியது. டொர்னாடோ என்பார்கள். கரிய மேகத்திலிருந்து யானைத் துதிக்கைபோல் இறங்கித் தரையைத் துழாவும் காற்று. ஒரு நாளைக்குள் 148 காற்றுகள்! 300-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

ஒஹையோ மாநிலத்தில் ஸீனியா என்றொரு ஊர். அங்கே ஒருவர் கைக்கேமராவால் பிடித்த படத்தில், ஒரே காற்றுக்குள் பல காற்றுகள் கயிறு திரிப்பதுபோலச் சுழலுகின்றன. பார்க்க அழகாய்த்தான் இருக்கிறது. அதுதானுங்க ஆபத்து.

அன்று பள்ளி விட்டாயிற்று. உயர்நிலைப் பள்ளி மேடையில் சில மாணவர்கள் நாடக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாலை 4.40 இருக்கும். வெளியே பார்த்த ஒரு மாணவி கத்தினாள். வேடிக்கை பார்த்து நிற்காமல் எல்லாரும் உள்நடைக்கு ஓடிப் பதுங்கினார்கள். சற்று நேரத்தில் பள்ளிப் பேருந்தே பறந்து வந்து அந்த மேடைமேல் விழுந்தது. பிள்ளைகள் பிழைத்தார்கள்.

இங்கே அப்பேர்ப்பட்ட காற்று இல்லை. ஆனாலும் மழைக்காற்றில் தகரம் பறந்தால், "சார், அங்கே பாருங்க!" என்று பிள்ளைகள் ஜன்னலுக்குத்தான் ஓடுகிறார்கள். நானும் கூடவே நின்று பார்த்திருக்கிறேன், மறைப்பானேன்?

நம் பள்ளியில் உள்நடை கிடையாது, திறந்த ஐந்தடிதான். ஆகவே ஜன்னலை விட்டு விலகி மேசைக்கடியில் பதுங்கும் பயிற்சியை வரும் திங்கள் முதல் என் வகுப்பில் தொடங்குகிறேன். பெற்றோர்களே, காற்றடிக்கும்போது பிள்ளையை அழைக்க சைக்கிளில் வராதீர்கள். ஓய்ந்ததும் நாங்களே அனுப்பி வைக்கிறோம்.